பிறேக் தட்டுக்கு எண்ணெய் முழுக்கு

எங்கள் வீட்டில் சனிக்கிழமை தோறும் எண்ணெய் முழுக்கு நடக்கும். ஆட்களுக்கு அல்ல, இரும்புக்கு. இவர் காலைத் தேத்தண்ணியைக் குடித்த கையோடு ஒரு பழைய பெனியன் துண்டையும் பால்மாத் தகரப் பேணியையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். இவர் என்றால் என் கணவர். பேணிக்குள் இருப்பது அவருடைய தகப்பனாரின் கைப்பக்குவம்: படகு எஞ்சினில் ஓடிக் கறுத்துப்போன ஒயிலோடு சுறா எண்ணெயைக் கலந்தது. வாசல் படலையின் பிணைச்சல், கிணற்றுக் கப்பி, சைக்கிள் செயின், பூட்டு, திறப்பு, கத்தரிக்கோல், மாதா கெபியின் கம்பிக் கதவு, ஒன்றும் தப்பாது. ஒருமுறை தேங்காய் துருவலையின் பல்லுக்கும் பூசிவிட்டார். அன்றைய சம்பலை வாயில் வைத்த நான் நேரே கிணற்றடிக்கு ஓடினேன். "இரும்பு இரும்புதானேயப்பா" என்று சொல்லிவிட்டு மிச்சச் சம்பலை அவரே தின்று முடித்தார்.

சும்மா சொல்லக்கூடாது, இது அவருக்கு மட்டும் உள்ள விசர் இல்லை. மன்னார்த் தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். உப்புக் காற்று சுவரிலுள்ள ஆணியைத் தின்னும், யன்னல் கம்பியைத் தின்னும், அலுமாரிக்குள் பூட்டிவைத்த சட்டையின் ஊசியைக்கூட விடாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் தொழிலுக்குப் போவதில்லை. ஆகவே சனிக்கிழமை எஞ்சினை நல்ல தண்ணியில் கழுவித் துடைத்து, நங்கூரம், சங்கிலி என்று இருக்கிற இரும்பு எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்கள். எண்ணெய் பூசாத இரும்பைக் கண்டால், சாப்பிடாமல் நிற்கிற பிள்ளையைக் கண்டதுபோல இவர்களுக்கு மனம் கேளாது. இவர் கடலை விட்டு ரவுண் கடைத்தெருவில் வலைக்கடை போட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. பேணியை மட்டும் விடவில்லை.

நான் கரைக்காரி இல்லை. பெருநிலத்தில் வயல்காரர் வீட்டில் பிறந்து, கலியாணம் கட்டித் தோட்டவெளிக்கு வந்தவள். எங்கள் பக்கத்தில் மண்வெட்டிக்கு எவரும் எண்ணெய் வைப்பதில்லை. மண்ணை வெட்ட வெட்ட அது தானாக வெளுத்துப் பளபளக்கும். இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிய வினையாக வந்து முடியும் என்று கலியாணம் பேசின நேரம் யாருக்குத் தெரியும்?

இனிக் காருக்கு வருகிறேன். கார் என்னுடையது. கணிதம் படிப்பிக்கிற சம்பளத்தில் கடன்பட்டு வாங்கினது. ஐம்பதைத் தொட்ட பிறகு நான் கார் ஓடப் பழகினேன். பழகின காலத்தில் எங்கள் ஒழுங்கைத் தெருவில் இருந்த ஆம்பிளைகள் அத்தனை பேருக்கும் திடீரென்று வேலி கட்டுகிற வேலை வந்துவிட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார்கள். "டீச்சர் வாறா, மாட்டை அவிட்டுக் கட்டுங்கோ" என்று ஒரு குரல் வரும். றோட்டில் திரியும் கழுதைகளுக்கு மட்டும்தான் என்மேல் நம்பிக்கை இருந்தது. அவை வழமைபோல நடுறோட்டிலேயே நின்றன. நானும் ஒவ்வொரு முறையும் பிறேக் பிடித்து நின்றேன். அதுவே எனக்குப் பெரிய பயிற்சி.

இவ்வளவு காலமும் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். அந்த மார்கழியில் எனக்கு அதிபர் நியமனம் வந்தது. முசலிப் பக்கம், கொண்டச்சியைத் தாண்டி ஒரு சின்னப் பள்ளிக்கூடம். தீவைவிட்டு இறங்கி, பாலத்தைக் கடந்து, தெற்கே நெடுக ஓட வேண்டும். பஸ் இருக்கிறது. ஆனால் அது பள்ளிக்கூட மணியைக் கேட்டு ஓடுகிற பஸ் இல்லை. கார் ஓடினால் அதிபர், ஓடாவிட்டால் பழைய வகுப்பறை, விசயம் அவ்வளவுதான். தவணை தொடங்குகிற திங்கட்கிழமை காலையில் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அடுத்ததாக இருக்கிற ஐயா ஒருவருக்கு அந்தக் கதிரை போய்விடும் என்று கல்விக் கந்தோரில் நேரே சொல்லிவிட்டார்கள். அந்த ஐயா எனக்குப் பிறகு உத்தியோகத்துக்கு வந்தவர். இதற்கு முதலும் என்னைத் தாண்டி இப்படிப் பல ஐயாமார் போனார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் நான் தேத்தண்ணி ஊற்றிக் கேக் வெட்டிக் கொடுத்து வாழ்த்தினேன். இந்த முறை எனக்குக் கேக் வெட்டும் எண்ணம் துளியும் இல்லை.

விடுமுறை முழுக்க மழை. போதாததற்கு எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். கார் தறப்பாளுக்குக் கீழே ஈரத்தில் அப்படியே கிடந்தது. எழும்பி நடக்கத் தொடங்கிய பிறகு, அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை காலை தறப்பாளை இழுத்துப் பார்த்தேன். முன்சக்கரத்து இடைவெளிக்குள்ளால் பிறேக் தட்டு தெரிந்தது. செம்மஞ்சளாக, மஞ்சள் பூசிக் குளித்தது மாதிரி இருந்தது.

எனக்கு ஒரு பயமும் வரவில்லை. பிறேக் தட்டு என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலுகிற ஒரு வெறும் இரும்புத் தட்டு. பிறேக்கை மிதித்தால் இரண்டு கட்டைகள் அதை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும், கார் நிற்கும். கட்டை பிடிக்க வேண்டும் என்பதால் அதற்குப் பெயின்றும் அடிப்பதில்லை, எண்ணெயும் பூசுவதில்லை. ஈரத்தில் ஒரு இரவு நின்றாலே மேல்துரு பிடிக்கும். காரை மெல்ல ஓட்டி, வெறும் றோட்டில் சில தரம் பிறேக்கை அமத்தி அமத்தி விட்டால், கட்டை உரஞ்சித் துரு கழன்று, தட்டு வெளுத்துவிடும். கரகர என்று சத்தம் வரும். வரட்டுமே! ஒவ்வொரு மாரிக்கும் நான் செய்கிறதுதான்.

ஆனால் தறப்பாளை இழுத்த சத்தம் ஒழுங்கைக்குக் கேட்டுவிட்டது. முதலில் இவர் வந்தார். குந்தியிருந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்து, "ஐயோ, மாதாவே!" என்றார். அடுத்ததாக இவருடைய தமையனார் வந்தார். அவருக்குச் சொந்தமாகக் கார் இல்லை, ஆகவே எல்லாக் கார்களைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. அவரும் குந்தினார். பிறகு பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர். ரவுணில் மோட்டார்ச் சாமான் கடை வைத்திருக்கிறார், நல்ல மனிசன். அவரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். மூன்று பேரும் ஒரு சக்கரத்தைச் சுற்றிக் குந்தியிருந்த காட்சியைப் பார்த்தால், உள்ளே யாரோ பிள்ளை பெறப்போகிறாள் என்று நினைப்பீர்கள்.

"உப்புத் திண்டிட்டுது," என்றார் தமையனார். "இனி இது சரிவராது. தட்டு வெடிக்கும்."

"வெடிக்காது அத்தான். மேல்துரு. ரெண்டு தரம் பிறேக் பிடிச்சாப் போயிடும்," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்து, "உவ என்ன சொல்லுறா?" என்று கேட்டார். நான் பேசினது சீன பாஷை மாதிரியும், இவர் மொழிபெயர்க்க வேண்டிய மாதிரியும்.

நானா பதமாகச் சொன்னார்: "டீச்சர், நான் சொல்றதக் கேளுங்க. கறுப்புச் சோடா ரெண்டு போத்தல் ஊத்துங்க. துரு பறந்துபோகும்."

"சோடாவோ? உப்புக்கடதாசி போட்டுத் தேய்க்க வேணும்," என்றார் தமையனார்.

"தேய்ச்சாத் தட்டு மெலியும்ண்ணே."

"மெலிஞ்சாப் பாரம் குறையுமெல்லோ!"

இப்படி அரை மணித்தியாலம். மண்ணெண்ணெய், தேசிக்காய், வினாகிரி, சாம்பல் என்று சமையலறையில் உள்ள சாமான் எல்லாம் அந்தச் சக்கரத்தடிக்கு வந்து போயின. நான் எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, இவரைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "இஞ்சாருங்கோ. தட்டில ஒண்டும் பூசக் கூடாது. சோடா இல்லை, சாம்பல் இல்லை, ஒண்டுமில்லை. நாளைக்கு நான் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனா அது தானாப் போயிடும். விளங்குதோ?"

"ஓம் ஓம்," என்றார்.

இவர் இரண்டு தரம் ஓம் சொன்னால் ஒரு தரமும் கேட்கவில்லை என்று அர்த்தம். இத்தனை வருசம் குடும்பம் நடத்தின எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்குத் திங்கட்கிழமைக்கு உடுக்கிற சேலையின் நினைப்பில் தலை கால் தெரியாமல் இருந்தேன். சட்டை தைக்கக் கொடுத்திருந்த இடத்துக்கு ஓட்டோ பிடித்துப் போய்விட்டேன். தையற்காரி சட்டையைக் காட்டி, கதை கேட்டு, கைத் தையலைத் திரும்பப் பிரித்துத் தைத்து முடிக்கப் பின்னேரமாகிவிட்டது. நான் திரும்பி வரும்போது இவர் முற்றத்தில் கை கழுவிக்கொண்டு நின்றார். சனிக்கிழமைதானே, கை கழுவுவார்தான் என்று உள்ளே போய்விட்டேன்.

ஞாயிறு காலை இரண்டாம் பூசை. இவர் கோயிலில் கதிரை அடுக்குகிற கூட்டத்தைச் சேர்ந்தவர், மோட்டார் சைக்கிளில் முன்னமே போய்விட்டார். நான் காரை எடுத்தேன். வழியில் பிறேக்கை அமத்தி அமத்தித் துருவைக் கழற்றுவதுதான் எண்ணம். முதல்தரம் அமத்தினபோது கரகரச் சத்தம் வரவில்லை. அட, துரு எவ்வளவு சாதுவாக இருக்கிறது என்று எனக்குச் சந்தோசப் புளுகம். மணல் ஒழுங்கையில் கார் தானாகவே மெல்லப் போகும், விட்டால் நிற்கும். ஆகவே பிறேக் பிடித்ததா, மணல் பிடித்ததா என்று தெரியவில்லை.

கோயிலடியில் தார் றோட்டு. முதல் பூசை முடிந்த சனம் வெளியே வந்துகொண்டிருந்தது. நான் பிறேக்கை மிதித்தேன். கார் கேட்கவில்லை. இன்னும் அமத்தி மிதித்தேன். கார் வெண்ணெய்க்குள் கத்தி போன மாதிரி வழுக்கிக்கொண்டே போனது. "விலகுங்கோ! விலகுங்கோ!" என்று கத்தியபடி கைப்பிறேக்கை இழுத்தேன். அது பின்சக்கரத்துப் பிறேக், மூடின கோப்பைக்குள் இருப்பது, கொஞ்சம் பிடித்தது. சனம் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் விலக, கோயில் மதில் கட்டக் குவித்திருந்த மணலுக்குள் காரை விட்டேன். மூக்கு மணலுக்குள் புதைந்து கார் நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

இறங்கினேன். சக்கரத்துக்குள்ளிருந்து நீலப் புகை மெல்ல எழும்பியது. அதோடு ஒரு மணமும். பங்குச் சுவாமி பூசை உடுப்போடு ஓடிவந்தார். "பிள்ளை, காயமொண்டும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றதும் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "கோயிலடியில ஆர் மீன் பொரிக்கினம்?" என்றார்.

சுறா எண்ணெய்! எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. குனிந்து தட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். கறுப்பாக, கொழகொழவென்று ஒட்டியது. நிமிர்ந்தபோது இவர் கதிரை ஒன்றைக் கையில் பிடித்தபடி கூட்டத்துக்குள் நின்றார். முகம் வெளுத்துப்போய்விட்டது. அவருக்குப் பக்கத்தில் தமையனார். அவருடைய மூக்கு ஒருமுறை விரிந்து சுருங்கியதை நான் என் கண்ணால் கண்டேன். அவர் வளர்ந்ததும் அந்த எண்ணெய் மணத்துக்குள்தானே! மணத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று அவருக்கும் நன்றாகத் தெரியும்.

"தட்டில எண்ணெய் பூசியிருக்கு," என்றேன், எல்லாருக்கும் கேட்க.

"எண்ணெய் பூசினா இரும்புக்கு நல்லதெல்லோ?" என்றார் தமையனார். "எங்கட ஐயா உயிரோட இருந்த காலம் முழுக்கப் பூசினவர். ஒரு படகு தண்ணிக்குள்ள தாண்டதோ? ஒரு எஞ்சின் நிண்டதோ?"

"படகுக்குப் பிறேக் இல்லை அத்தான்!"

சனம் சிரித்தது. சிரிப்பு என் பக்கமா அவர் பக்கமா என்று தெரியவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை. குரலை உயர்த்தி, தீர்ப்புச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "எண்ணெயில பிழை சொல்லாதேங்கோ. பிறேக் எண்டு நினைச்சு அக்சிலேற்றரை மிதிச்சிருப்பா. இதுதான் நான் அப்பவே சொன்னனான். பொம்பிளை ஆளுக்கு உந்தத் தூரம் சரிவராது. பாலத்தில இது நடந்திருந்தா? நாளைக்கு ஒரு இடமும் போக வேண்டாம். கந்தோருக்கு அறிவிச்சுப்போடுவம். என்னடா தம்பி?"

இவர் வாயைத் திறப்பார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை போதும். நான்தான் பூசினனான் என்று ஒரு வார்த்தை. இவர் தன் கால் பெருவிரலைப் பார்த்தார். பிறகு, "ம்," என்றார்.

அந்த ஒற்றை "ம்"மில் என் இத்தனை வருசப் படிப்பிப்பும் நியமனமும் பறக்கப் பார்த்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சனம் கலைந்து போகும்போது ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு போனது. "வயசு போன நேரத்தில கண்டறியாத கார்!" என்று ஒரு பெண்பிள்ளையே சொல்லிக்கொண்டு போனாள். பூசை நடந்தது. நான் என்ன செபம் சொன்னேன் என்று கடவுளுக்கு மட்டும் தெரியும். அவர் அதை வெளியே சொல்லாமல் இருந்தால் நல்லது.

மணலிலிருந்து காரை இழுத்து, கயிற்றில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இவர் சாப்பிட்டும் சாப்பிடாமலும் தமையன் வீட்டுக்கு எழும்பிப் போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபத்துக்கு ஒரு நல்ல குணம், கையைச் சும்மா வைத்திருக்க விடாது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்களின் கடை எல்லாம் பூட்டு. நானாவின் கடை திறந்திருக்கும், அவருக்கு வெள்ளிக்கிழமைதான் கடைப்பூட்டு. போன் எடுத்து, என் காருக்கு முன்பிறேக் கட்டையும் எண்ணெய்ப்பிடி கழுவுகிற மருந்தும் வேணும் என்றேன். கடைப் பெடியனை அனுப்பாமல் அவரே கொண்டுவந்து தந்தார். படலையடியில் நின்று தயங்கிக்கொண்டு, "டீச்சர், சோடா ஊத்தியிருந்தா இப்படி வந்திருக்காது," என்றார். மனிசன் ஆறுதல் சொல்கிறாராம்!

காரை உயர்த்தி, சக்கரம் கழற்றினேன். கட்டைகள் எண்ணெயைக் குடித்து ஊறிப்போயிருந்தன. இரும்பு எண்ணெயைத் துடைத்தால் விட்டுவிடும், கட்டை விடாது. கழற்றி எறிந்தேன். தட்டு இரண்டையும் மருந்தடித்துத் துடைத்து, பிறகு சவர்க்காரத் தண்ணியில் கழுவி, திரும்பவும் துடைத்தேன். துணி கறுப்பாக வராத வரைக்கும் விடவில்லை. புதுக் கட்டை பூட்டுகிற முறை எனக்குத் தெரியும். ரவுணில் கராஜ்காரன் செய்யும்போது ஒவ்வொரு முறையும் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தவள் நான். அவன் அதற்காகவே என்னைக் கண்டால் பெருமூச்சு விடுவான். மஞ்சள் வெயில் நேரத்தில் வேலை முடிந்தது. கடற்கரைப் பக்கத்து வெறும் றோட்டுக்குக் காரைக் கொண்டுபோய், மெல்ல ஓட்டி, பிடித்து, கொஞ்சம் கூட ஓட்டி, பிடித்து, வேகமாக ஓட்டி, பிடித்துப் பார்த்தேன். கார் சொன்ன இடத்தில் நின்றது. நான் திரும்பி வந்து காரை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போன பிறகுதான் இவர் வந்தார். கார் ஓடினதை இவர் காணவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

சாப்பாட்டு நேரம் புட்டை வைத்துவிட்டு எதிரே இருந்தேன்.

"கோயிலடியில உங்கட வாயில கொழுக்கட்டையோ?" என்று கேட்டேன்.

இவர் கறிச்சட்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"எண்ணெய் பூசினதுக்குக் கூட நான் கோபிக்கேல்லை. அது உங்கட கைப்பழக்கம். ஆனா அவ்வளவு சனத்துக்கு முன்னால உங்கட அண்ணை என்னை விசரியாக்கினவர். நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். அதுதான் எனக்கு நோகுது."

இவர் புட்டை உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "அது ஐயான்ர எண்ணெயப்பா," என்றார்.

அவ்வளவுதான் அவருடைய முழு நியாயம். தகப்பனாரைக் கடல் கொண்டுபோனபோது தமையனாருக்கு வள்ளம் வந்தது, இவருக்கு அந்தக் கலவை வந்தது என்பது எனக்குத் தெரியும். ஐயாவின் எண்ணெய் பிழை என்று தமையனாருக்கு முன்னால் சொல்ல இவருக்கு நா எழவில்லை. ஐயா பிழை விட மாட்டார், அண்ணை பிழை விட மாட்டார், எண்ணெயும் பிழை விடாது. மிச்சம் இருந்தது நான் ஒருத்தி. "அப்ப நான் பிழை," என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன்.

திங்கள் விடிந்தது. சேலை கட்டி, நியமனக் கடிதத்தைக் கைப்பையில் வைத்து, முற்றத்துக்கு வந்து பார்த்தால், இரவு பெய்த தூறலில் தட்டு திரும்பவும் செம்மஞ்சள்! எண்ணெய் துடைத்த வெறும் இரும்பு, வேறு என்ன செய்யும்? எனக்குச் சிரிப்பு வந்தது. இவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் சவரம்கூட எடுக்காமல் இருந்தது.

படலையைத் திறக்கப் போனால் தமையனார் வெளியே நிற்கிறார். துணைக்கு ஒழுங்கை ஆட்கள் சிலர். நானாவும் கடைக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார். தமையனார் படலையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, சொன்னாக் கேளும். தட்டைப் பாரும், பழையபடி துரு. உந்தப் பிறேக்கை நம்பி ஆர் போவினம்?" என்றார்.

"நான் போவன் அத்தான். படலையை விடுங்கோ."

"தம்பி! உன்ர மனிசிக்குச் சொல்லடா!"

இவர் வந்தார். தமையனாரின் கையைப் படலையிலிருந்து எடுத்துவிட்டார். மெதுவாகத்தான் எடுத்தார், ஆனால் எடுத்தார். படலையை அகலத் திறந்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒழுங்கையில் நடந்து போனார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் காரை வெளியே எடுத்துத் திருப்பி நிறுத்தினபோது, அவர் தூரத்தில், தார் றோட்டில் ஏறுகிற இடத்தில், நடுவில் என்னைப் பார்த்தபடி நின்றார்.

"அண்ணை!" என்று கத்தினார். அவருடைய குரல் அவ்வளவு பெரிசு என்று எனக்கு அன்றுதான் தெரியும். "எண்ணெய் பூசினது நான். பூச வேண்டாமெண்டு அவ சொன்னவ. கேக்காமல் பூசினனான். அவ அக்சிலேற்றர் மிதிக்கேல்லை. பிறேக்தான் மிதிச்சவ. பிழை என்ர."



"அது விளங்குது, நீ ஏன்டா றோட்டில நிக்கிறாய்?" என்றார் தமையனார்.

இவர் காலை அகட்டி ஊன்றினார். என்னைப் பார்த்து, கையால் கூப்பிட்டார். "வா. வந்து பிறேக் பிடி."

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரே?" யன்னலுக்குள்ளால் தலையை நீட்டிக் கத்தினேன். "தள்ளி நில்லுங்கோ! இது என்ன கூத்து?"

"நீ வா."

"டேய் விசரா, தள்ளடா! ஆராவது அவனைப் பிடியுங்கோ!" தமையனாருக்குக் குரல் உடைந்துவிட்டது. ஆனால் அவரும் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. ஒருவரும் அசையவில்லை.

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. நேற்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் காரியம்! இன்றைக்கு வந்து உயிரைக் கொண்டுவந்து நடுறோட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறது மனிசன். கியரைப் போட்டேன். கார் நகர்ந்தது. மெல்லத்தான் போனேன், பிடிக்கும் என்று எனக்குத் திடமாகத் தெரியும். ஆனாலும் கண்ணாடிக்குள்ளால் அவர் பெரிதாகப் பெரிதாக இன்னும் மெல்ல உருட்டினேன். அவருடைய கண்கள் இறுக்கி மூடியிருந்தன. கழுத்திலிருந்த மாதா சுரூபத்தை ஒரு கையால் பொத்திப் பிடித்திருந்தார். சாரம் காற்றில் அடித்தது. கால்கள் இரண்டும் நட்டு வைத்த இடத்திலேயே நின்றன.

மிதித்தேன். கரகர என்று அந்தத் துருச் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. கார் நின்றது.

அவர் கண்ணைத் திறந்து, காரின் மூக்கையும் தன் முழங்காலையும் இடையிலிருந்த வெளியையும் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு என் யன்னலுக்கு வந்து கதவைப் பிடித்தார்.

"நான் நேற்றே கட்டை மாத்தி, கடற்கரையில ஓட்டிப் பாத்திட்டன்," என்றேன். "கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன். ஏன் கேக்கேல்லை?"

"ஓட்டிப் பாத்தனியோ?" அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "எனக்குத் தெரியாதே."

"பேந்து என்ன துணிவில போய் நிண்டனீங்கள்? பிடிக்குமெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குப் பிறேக்கைப் பற்றி என்ன தெரியும்?" என்றார். "ஆனா ஓட்டினது நீயெல்லோ. உன்னைத் தெரியும்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. முந்தின நாள் முழுக்க வராத அழுகை, புதுச் சேலையோடு, அந்தச் சனத்துக்கு முன்னால். அவர் சாரத்துத் தலைப்பால் என் முகத்தைத் துடைக்க வந்தார். அதில் எண்ணெய் இருக்குமோ என்ற பயத்தில் நான் தலையைப் பின்னுக்கு இழுத்தேன். "சரி சரி, நேரமாகுது, போ," என்று கதவில் தட்டினார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு காரை எடுத்தேன்.